ஃபோர்ட் கெனிங் குன்று: ஏறினால் உச்சி எங்கே?

ஜனவரி 18 (வாசகர் கேள்வி)

மார்ச் முதல் வாரம் சிங்கப்பூர் வருகிறோம், பெற்றோரும் உடன் வருகிறார்கள். நகரத்தின் நடுவிலேயே ஃபோர்ட் கெனிங் என்று ஒரு மலைப்பூங்கா இருக்கிறதாமே. நாங்கள் திருச்சிக்காரர்கள், மலைக்கோட்டை ஏறிப் பழகியவர்கள். உச்சியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியுமா? ஒரு மணி நேரம் போதும் என்கிறார்களே, போதுமா?

ஜனவரி 18, இரவு

ஊர் தெரியாது. மரம்தான் தெரியும். மர இடுக்கில் ஏதாவது ஒரு ஹோட்டலின் முதுகு தெரியும். தாயுமானவரைக் கடந்து உச்சிப்பிள்ளையார் வரை போய் நின்றால் காவிரியும் அரங்கன் கோபுரமும் கிடைக்குமே, அந்தக் கணக்கில் வந்தால் ஏமாற்றம் நிச்சயம்.

இன்னொன்று, உச்சி என்று எதில் போய் நிற்பீர்கள்? குன்றின் மிக உயரமான பகுதி வேலிக்குள் இருக்கிறது. புல் போர்த்திய மேடு, அதன் கீழே குடிநீர்த் தேக்கம். யாரையும் உள்ளே விடுவதில்லை. சுற்றிச் சுற்றி வரலாம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் போதும் என்று சொன்னவர்கள் மரச்சுரங்கப் படிக்கட்டில் படம் எடுத்துக்கொண்டு இறங்கியவர்களாக இருப்பார்கள்.

ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்தால் போகாதீர்கள் என்று சொன்னது போல இருக்கிறது. அப்படி இல்லை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து நழுவிப் போய் நடந்துவிட்டு வருவேன். காட்சிக்காகப் போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தக் குன்று புரியும். விளக்கமாகப் பிறகு.

முதலில் ஏறும் வழி, ஏனென்றால் பெற்றோர் வருகிறார்கள். ஃபோர்ட் கெனிங் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் 2017இல் திறந்தது, குன்றின் அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் சரிவு தணிவு. டோபி காட் பக்கம் வந்தால் அந்த மரச்சுரங்கச் சுழற்படிக்கட்டு. படம் எடுக்க நிற்பவர்களின் வரிசையைப் பார்த்ததும் அதுதான் வழி என்று நினைத்து அதில் போய் நிற்காதீர்கள். அங்கே ஏறுவதற்கு யாரும் நிற்பதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்குத்தான் வரிசை. முழங்கால் வலி உள்ள என் மாமனாரை அந்தப் படிகளில் ஏற்றி அழைத்துப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மனைவி சொன்னாள்.

ஜனவரி 19, பிற்பகல்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இது ராஜேந்திர சோழன் வென்ற மலை. நம்மவர்களுக்கே தெரியவில்லை."

நண்பரே, கொஞ்சம் நிதானம். 1025 கடல் படையெடுப்பில் பிடித்த ஊர்களின் பட்டியல் சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று நீளும் அந்தப் பட்டியலில் இந்தத் தீவின் பழைய பெயரான தெமாசெக் இல்லை. குன்றில் தோண்டியபோது கிடைத்தவை 14ஆம் நூற்றாண்டுப் பொருள்கள். 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் முதல் அகழ்வு நடந்தது. சீனப் பீங்கான் உடைசல்கள், கண்ணாடி மணிகள், மண்பாண்டங்கள் கிடைத்தன. ஓர் அரண்மனை இங்கே இருந்திருக்கிறது என்பதற்குப் போதுமான சான்று. சோழனோடு முடிச்சுப் போட அதில் ஒன்றும் இல்லை. தோண்டிய குழியை மூடாமல், கூரை போட்டு அப்படியே பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். போனால் அதைப் பாருங்கள்.

ஜனவரி 20

சோழனை நான் விரட்டிவிட்டதாகச் சிலருக்கு வருத்தம். சரி, ஒரு கதை தருகிறேன். வரலாறு இல்லை, கதை.

மலாய் அரசர்களின் வம்சக் கதையான செஜாரா மெலாயுவில் ஓர் அரசன் வருகிறான். பிரதிக்குப் பிரதி சூலன், சூரன் என்று பெயர் மாறுகிறது. சோழனைக் கேள்விப்பட்டவர்கள் சொல்லி வளர்த்த பாத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சீனாவை வெல்லப் பெரும்படையோடு கிளம்பி, தெமாசெக் வரை வந்து நிற்கிறான். சீனத் தரப்புக்குக் கவலை. ஒரு கப்பலில் பல் விழுந்த கிழவர்களை ஏற்றி, துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த பழமரங்களையும் வைத்து அனுப்புகிறார்கள். சீனா எவ்வளவு தூரம் என்று அரசன் கேட்கிறான். கிளம்பும்போது நாங்கள் இளைஞர்கள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன, இந்த மரங்கள் விதையாக இருந்தன என்கிறார்கள் கிழவர்கள். அரசன் படையைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான்.

அந்த வம்சக் கதையில்தான் சிங்கப்பூரை நிறுவிய சங் நீல உத்தாமாவும் இவன் வழிவந்தவனாக வருகிறான். குன்றில் 2019இல் திறந்த தோட்டம் ஒன்றுக்கு அவன் பெயர். ஆகவே, வம்சாவளிக் கதையில் நம்மவர் உண்டு, மண்ணுக்கடியில் இல்லை. திருப்தியா?

ஜனவரி 23

தண்ணீர் பற்றி எழுதுகிறேன் என்றேன் அல்லவா.

மலாய்க்காரர்கள் இதை ஏறக்கூடாத குன்று என்று வைத்திருந்தார்கள், புக்கிட் லாராங்கான். பழைய அரசர்கள் வாழ்ந்த இடம், அடங்கிய இடம். குன்றின் சரிவில் ஒரு சுனை இருந்தது. அரண்மனைப் பெண்கள் குளித்த இடம் என்று சொல்வார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு இந்தச் சுனையிலிருந்துதான் குடிநீர் போயிற்று. அரச மகளிர் குளித்த தண்ணீரை மாலுமிகள் குடித்தார்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு, யாரும் சிரித்ததில்லை. கப்பல்கள் பெருகின, தண்ணீர் போதவில்லை, சுனையும் வற்றிவிட்டது. இப்போது அங்கே பஞ்சூர் லாராங்கான் என்று ஒரு குளியல் துறையை அழகாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது புதுக் கட்டுமானம். பழையது என்று எண்ணி அங்கே உருக வேண்டாம்.

அடுத்தது கோட்டை. 1859இல் குன்றின் மேலிருந்த ஆளுநர் மாளிகையை இடித்துவிட்டுக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் வைஸ்ராய் கெனிங் பிரபுவின் பெயர் வைத்தார்கள். 1857 கலகத்தின்போது கல்கத்தாவில் தலைமை ஆளுநர் நாற்காலியில் இருந்தாரே, அவர்தான். பீரங்கிகள் வந்தன, அகழி வந்தது, கதவு வந்தது. முற்றுகை வந்தால் குடிக்கக் கோட்டைக்குள் தண்ணீர் இல்லை! போர்க்காலத்தில் ஐரோப்பியர்கள் ஒதுங்கும் புகலிடமாகவும் இருக்க வேண்டும் என்று கட்டிய கோட்டை இது. பீரங்கிகள் எதிரியை நோக்கிச் சுட்டதே இல்லை. காலை 5 மணி, பகல் 1 மணி, இரவு 9 மணி என்று நேரம் சொல்லத்தான் வெடித்தன. ஊருக்கு ஒரு மணிக்கூண்டு கிடைத்தது. 1907இல் கோட்டையை இடித்தார்கள். எஞ்சியது வாசல், கொஞ்சம் சுவர்.

பிறகு, தண்ணீரே இல்லாதிருந்த அதே இடத்தில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1928இல் அதற்காகத் தோண்டியபோது தங்க நகைகள் கிடைத்தன. காலா என்ற காவல் அரக்கனின் முகம் பொறித்த கைவளை, காதணிகள், ஒரு மோதிரம், எல்லாம் சாவக வேலைப்பாடு. தோண்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகளின் மண்வெட்டியில் பட்ட தங்கம். அவர்கள் யார், பெயர் என்ன என்று எங்கும் இல்லை. அதிகாரிகளிடம் எவ்வளவு வந்து சேர்ந்தது, எவ்வளவு வராமல் போயிற்று என்று யோசிப்பது என் மதிய நடையின் பொழுதுபோக்கு.

ஜனவரி 23, சற்றுப் பின்

நகைகளைக் காண வேண்டுமானால் குன்றில் தேடாதீர்கள். அருங்காட்சியகத்தில்தான் வைப்பார்கள். தேசிய அருங்காட்சியகம் குன்றின் அடியிலேயே, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருக்கிறது. மழை வந்தால் ஒதுங்கவும் அதுதான் கிட்டம்.

ஜனவரி 25

"ஏறக்கூடாத குன்று என்றால் வெள்ளைக்காரன் எப்படி ஏறினான்?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்து மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். அவருடைய முன்னோர் வழியில் நாகூர்த் தமிழ்த் தொடர்பு உண்டு என்பது நம்மவர்களுக்காக. உள்ளூர்த் தலைவர் தெமெங்கோங், மேலே நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பது போலச் சத்தம் கேட்கும், மேளம் கேட்கும், யாரும் ஏறத் துணிவதில்லை என்றாராம். இங்கே ஆங்கிலேயரின் முதல் அதிகாரியான ஃபார்க்குவார் சிரித்துவிட்டு, அந்தப் பேய்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மலாக்காவிலிருந்து வந்தவர்களை வைத்துக் காட்டை வெட்டி ஏறிவிட்டார். உள்ளூர்க்காரனுக்கு இருந்த பயம் வெளியூர்க்காரனுக்கு இல்லை. பிறகு, ஆங்கிலேயக் குடியேற்றத்தை இங்கே தொடங்கிய ராஃபிள்ஸ் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். இங்கேயே இறக்க நேர்ந்தால் மலாய் அரசர்களின் எலும்புகளோடு தன் எலும்பும் கிடக்கட்டும் என்று கடிதமும் எழுதினார். கடைசியில் லண்டனில் போய் இறந்தார்.

அந்த அரசர் கல்லறை, அதாவது இஸ்கந்தர் ஷா கெராமாட், இன்றும் இருக்கிறது. கூரையின் கீழ் ஒரு மேடை, மஞ்சள் துணி, சில நாள்களில் பூவும் ஊதுவத்தியும். இஸ்கந்தர் ஷா சிங்கப்பூரை விட்டு ஓடி மலாக்காவை நிறுவியவர், அங்கேதான் இறந்தார் என்பார்கள். அப்படியானால் இங்கே கிடப்பவர் யார்? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அங்கே வழிபட வருபவரிடம் போகாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.

ஜனவரி 27

நறுமணப் பயிர்த் தோட்டம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 1822இல் ராஃபிள்ஸ், கல்கத்தாவின் வாலிக் என்ற தாவரவியலாளரின் யோசனையோடு இங்கே ஒரு சோதனைத் தோட்டம் போட்டார். சாதிக்காய், கிராம்பு. பணமில்லாமல் 1829இல் மூடினார்கள். பிறகு ஊரெல்லாம் சாதிக்காய்ப் பைத்தியம் பிடித்து, 1850களில் நோய் வந்து மரமெல்லாம் பட்டுப் போய், தோட்டக்காரர்கள் நொடித்தார்கள். இப்போது உள்ள தோட்டம் அந்த நினைவுக்காக வைத்தது.

பெற்றோரை அழைத்து வருபவருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே கறிவேப்பிலைச் செடி கண்ணில் பட்டால் அம்மாவின் கை தானாக நீளும். இந்த ஊர்ப் பூங்காவில் இலை கிள்ளுவது சட்டப்படி குற்றம். என் அத்தை கிள்ளி, முகர்ந்து பார்த்து, "மணமே இல்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பிப்ரவரி 2

நேற்றுத் தைப்பூசம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை வந்தன. அந்தக் கோயில் இந்தக் குன்றின் அடிவாரம்தான் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லையே! நகரத்தார் கட்டிய கோயில், 1859இல் குடமுழுக்கு. மேலே பீரங்கிக்குக் கோட்டை எழும்ப, கீழே வேலுக்குக் கோயில், இரண்டும் ஒரே ஆண்டு. இன்றைய தாவரவியல் பூங்கா தொடங்கியதும் அதே 1859. கோட்டை இல்லாமல் போயிற்று, மற்ற இரண்டும் நிற்கின்றன.

ஆகவே, திருச்சிக் குடும்பத்துக்கு என் திட்டம்: காலையில் கோயில், தரிசனம் முடித்து அப்படியே குன்று. வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். எதிர்த்திசையில் வந்தால் வியர்த்து வழிந்து கோயிலுக்குள் போக நேரும்.

தண்ணீர்க் கணக்கில் இன்னொரு கோயிலும் உண்டு. ராஃபிள்ஸோடு 1819இல் வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கொடுத்தார்கள். பூசைக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை என்று அது ஒத்துவரவில்லை. 1821இல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்ப் பக்கம் இடம் கொடுத்தார்கள், அதாவது இந்தக் குன்றின் நிழலில். அதுவும் நகரத் திட்டத்தில் அடிபட்டது. கடைசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் குடியேறினாள், 1827. திட்டம் மாறாமல் இருந்தால் மாரியம்மனும் முருகனும் குன்றுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

பிப்ரவரி 3

கோயில்கள் பற்றியே எழுதுகிறீர்கள், கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்கிறார். நியாயம்.

1865இல் மூடிய கல்லறைத் தோட்டம் அது. பிறகு கல்லறைகளை அகற்றி, எஞ்சிய நடுகற்களைச் சுற்றுச் செங்கல் சுவரில் பதித்துவிட்டார்கள். நடுவில் பச்சைப் புல்வெளி. அதில்தான் இசை நிகழ்ச்சி, நாடகம், பாய் விரித்துத் தீனி எல்லாம். தொடக்கத்தில் எனக்கு அது உறுத்தியது. புதைத்த இடத்தில் கச்சேரியா என்று. இப்போது உறுத்தவில்லை. குழந்தைகள் ஓடும் இடத்தில் கிடப்பது அவர்களுக்கும் மோசமில்லை. இன்னும் சில ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி நினைப்பேனோ என்னவோ.

சுவரைப் பொறுமையாகப் படியுங்கள். சீன எழுத்துக் கற்களும் உண்டு, அடக்கமானவர்களில் சீனக் கிறிஸ்தவர்கள் கணிசம். ஆர்மீனியத் தேவாலயத்தையும் ராஃபிள்ஸின் வீட்டையும் வடிவமைத்த கோல்மன் 1844இல் இறந்து இங்கே அடங்கினார். புல்வெளியில் நிற்கும் குவிமாட மண்டபங்களும் அவர் கைவேலை என்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய நினைவுச்சின்னம் யாருக்கு என்று பார்த்தால், ஒரு கைக்குழந்தைக்கு. கோல்மனின் விதவை மறுமணம் செய்து பெற்ற பிள்ளை, கடற்பயணத்தில் இறந்துபோயிற்று.

பிப்ரவரி 15

இன்றைய தேதிக்காக மீண்டும் தண்ணீர்.

1942 பிப்ரவரி 15 காலையில் இந்தக் குன்றுக்கு அடியில், தரைக்குச் சுமார் 9 மீட்டர் கீழே இருந்த நிலவறையில் ஆங்கிலேயப் படைத் தலைவர் பெர்சிவல் தன் தளபதிகளைக் கூட்டினார். புக்கிட் தீமா பக்கம் ஜப்பானியரிடம் பறிபோயிற்று. எண்ணெய், குண்டு, உணவு எல்லாமே தீர்ந்துகொண்டிருந்தன. குழாய்கள் உடைந்து நகரத்தில் தண்ணீர் நிற்கப் போகிறது. திருப்பித் தாக்கி நீர்த்தேக்கங்களையும் கிடங்குகளையும் மீட்பதா, சரணடைவதா என்பதுதான் பேச்சு. சரணடைவது என்று முடிவாயிற்று. மாலையில் ஃபோர்ட் தொழிற்சாலையில் கையெழுத்து. அந்தத் தொழிற்சாலை கார் நிறுவனத்தினுடையது, நம் கோட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உறவினர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். தலைக்கு மேல் குடிநீர்த் தேக்கமுள்ள குன்றின் அடியில் உட்கார்ந்து தண்ணீர் இல்லை என்று முடிவெடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17இல், சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் நிறுத்தி ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கே. காவடி கிளம்பும் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்தத் திடல்.

அந்த நிலவறையை 1960களில் மூடி மறந்தே போய், 1988இல் மீண்டும் கண்டுபிடித்து, 1997இல் மக்களுக்குத் திறந்தார்கள். மூச்சு முட்டுபவர்கள் யோசித்து இறங்குங்கள்.

பிப்ரவரி 16

"பெர்சிவல் தோற்றதற்குத் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள்" என்று ஒருவர். தோல்வி வடக்கே மலாயாவிலேயே தொடங்கிவிட்டது, விமானம் இல்லை, டாங்கி இல்லை, தலைமை சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அன்று காலை அந்த அறையில் முடிவைத் தள்ளிப்போட முடியாமல் செய்தவற்றில் தண்ணீர் ஒன்று என்பதுதான் நான் சொன்னது.

மார்ச் 1

கலங்கரை விளக்கம் போலி என்று எரிச்சலோடு ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், மாதிரிதான். அசல் விளக்கு 1903 முதல் 1958 வரை எரிந்தது. நகரத்தில் கட்டடங்கள் வளர்ந்து மறைக்க, வெளிச்சத்தை ஃபுல்லர்டன் கட்டடத்தின் உச்சிக்கு மாற்றினார்கள். குன்று உயரமாகத் தெரிந்த காலம் போய்விட்டது என்பதை அந்த மாதிரி விளக்கின் அருகில் நின்றால் உணரலாம், அது போலியாக இருந்தால் என்ன? கொடிமரமும் அப்படியே. எந்த நாட்டுக் கப்பல் வருகிறது என்று ஊருக்குக் கொடி காட்டிச் சொன்ன இடம் அது. வணிகர்கள் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 1, இரவு

தினமும் வண்டியில் குன்றின் அடியில் போகிறேன், பூங்காவுக்குப் போனதில்லை என்று ஒரு ஓட்டுநர். 2007இல் திறந்த ஃபோர்ட் கெனிங் சுரங்கச் சாலையைச் சொல்கிறார். ஞாயிறு காலை வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ரிவர் வேலி ரோடு பக்கம் வந்தால் பழைய ஹில் ஸ்ட்ரீட் காவல் நிலையத்தின் வண்ணச் சன்னல்களையும் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் 927. நான் எண்ணவில்லை, எண்ணும் எண்ணமும் இல்லை.

மார்ச் 4

கடைசியாக வந்த கேள்விகளுக்கு, சுருக்கமாக.

கொசு உண்டு, மருந்து தடவிக்கொள்ளுங்கள். பிற்பகலில் வானம் கறுத்தால் ஏறாதீர்கள்; இடி விழும் ஊர் இது, மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஜூபிலி பூங்காவில் சறுக்குமரங்கள் உண்டு, அங்கே விட்டால் மற்ற எதுவும் பார்க்க முடியாது என்பதால் கடைசியில் வையுங்கள். பாதைகள் பெரும்பாலும் சக்கர நாற்காலிக்கு ஒத்துவரும், சுழற்படிக்கட்டுப் பக்கமும் கோட்டை வாசல் படிகளும் ஒத்துவராது. பூங்காவுக்குக் கட்டணமில்லை. நிலவறைக்கு மட்டும் திறக்கும் நாளும் நேரமும் தனி, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.